கிளிப் கொண்டு வந்தவர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் வகுப்பு அது. துணியை இழுத்துப் பிடிக்க ஜெயசெல்வி கொண்டுவந்திருந்த பிவிசி குழாய்ச் சட்டத்தை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். நினைத்தபடி கழற்றி மாட்டலாம்.

“வீட்டுல செஞ்சதா?” என்றாள் சரிதா. குரலில் லேசான கேலி.

“சேச்சே! ஆன்லைன்ல வாங்குனது.”

அப்போதுதான் கதவருகே ஒருவர் நிற்பதைக் கவனித்தார்கள். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கையில் ஒரு சின்னப் பை.

“யாருங்க வேணும்?” என்றார் டீச்சர்.

அவர் ஜெயசெல்வியை ஒருமுறை பார்த்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

“கூரியருங்க. மேடம் வாங்குன சட்டத்துக்கு ரெண்டு கிளிப் விட்டுப்போச்சாம். குடுத்துட்டு வரச் சொன்னாங்க.”

“வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணியாவது குடிங்க.”

“வேணாங்க.”

பையை ஜெயசெல்வியிடம் நீட்டிவிட்டு அவர் படியிறங்கினார்.

அவள் பையைப் பிரித்தாள். நேற்று அவள் குழாயை அறுத்துக் கொடுக்க, அவர் அரம் போட்டு வழவழப்பாக்கிய கிளிப்புகள். காலையில் அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஜெயசெல்வி பையோடு வெளியே ஓடினாள்.

“அப்பா! நில்லுங்கப்பா!”

அவர் திரும்பாமலே சைக்கிளை எடுத்தார்.

“உள்ள போம்மா. யாராவது பாத்துடப் போறாங்க.”