வெள்ளைத் துணியில் ஒரு கருப்பட்டி

"அக்கா, இதுல எவ்வளவு சீனி கலக்குறீங்க?"

கோயம்புத்தூரிலிருந்து வந்த அந்தச் செய்தியை முத்துக்கனி மூன்றாம் முறையாக வாசித்தாள். கேட்டவள் திட்டவில்லை. மழை உண்டா என்று கேட்பதைப் போல வெகு சாதாரணமாகக் கேட்டிருந்தாள். அதுதான் தைத்தது.

உடன்குடிப் பக்கத்துப் பனைவிளையில் புருஷன் சிவனாண்டி பனையேறி இறக்குகிற பதநீரை, அவளே காய்ச்சித் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி எடுத்து, கைபேசியில் படம் போட்டு விற்கிற கருப்பட்டி அது. சீனிக்கு அந்த வீட்டுக்குள் அனுமதியே கிடையாது.

"என்னளா, போனையே மொறச்சிட்டு இருக்க?" என்றான் சிவனாண்டி.

"சீனி கலந்திருக்கானு கேக்காவ. இதோட எட்டாவது ஆளு."

"பழைய படம் போட்டிருந்தப்ப எவனாவது கேட்டானா?"

கேட்கவில்லை. அங்கேதான் அவளுக்குத் தலை சுற்றியது.

பழைய படத்தில் பாதிக் கருப்பட்டிதான் விழுந்திருந்தது. தெளிவாகத் தெரிந்தது பின்னால் நின்ற ஆடு. ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல் வேறு. அந்த லட்சணத்துக்கே ஊர் ஊராகப் பார்சல் போனது.

பிறகுதான் புத்தி வந்து, நாசரேத்தில் ஈவாஞ்சலின் டீச்சர் நடத்திய கைபேசிப் படப் பயிற்சியில் சேர்ந்தாள். வீட்டுத் தொழில் செய்கிற பெண்களுக்கான வகுப்பு. ஆறு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனாள். ஜன்னல் வெளிச்சம், வெள்ளைத் துணி, பொருளை நட்டநடுவில் வைக்காமல் சற்றே ஒதுக்கி வைப்பது, விரலால் தொட்டு ஃபோகஸ் செய்வது என்று ஒன்று விடாமல் கற்றாள். வகுப்பிலேயே சிறந்த படம் என்று டீச்சர் அவளுடையதைத்தான் தூக்கிக் காட்டினார்.

அந்தப் படத்தைப் போட்ட நாளிலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது.

"வெள்ளத் துணியில கெடத்துனா பொணம்னு நெனச்சிருப்பான்," என்றான் சிவனாண்டி.

"நீங்க வேற! பச்சத் துணியும் விரிச்சுப் பாத்துட்டேன். அதுக்கும் இதே கேள்விதான்."

சிவனாண்டி சிரிப்பை நிறுத்தினான். "மழ தொடங்கிட்டா சரக்கு கசிஞ்சிரும். அதுக்குள்ள போகலன்னா யாவாரி சொல்லுத வெலைக்குத் தள்ளிரலாம். அடுத்த வருஷம் பனையும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். ஹார்பர்ல லோடு ஏத்தப் போறேன்."

மறுநாள் காலையிலேயே முத்துக்கனி நாசரேத்துக்குப் போய் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஈவாஞ்சலின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார்.

"ஃப்ரேமிங் கச்சிதம். வெளிச்சம் அருமை. பின்னணியில ஒரு தூசி இல்ல. இதுல குறை சொல்றவன் கண் டாக்டரைத்தான் பாக்கணும்."

"பின்ன எதுக்கு டீச்சர், சீனியா சீனியானு கேக்காவ?"

"ரசனை இல்லாத ஜனங்க. தெளிவான படம்தான் நம்பிக்கையைத் தரும்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? நாமதான் அவங்க கண்ணைப் பழக்கணும்."

"அவங்க கண்ணு பழகுறதுக்குள்ள எங்க அடுப்பு அணைஞ்சிரும் போல இருக்கே. பழைய படத்தையே போட்டுறட்டுமா?"

"ஆட்டுப் படத்தையா? என் மாணவினு மட்டும் வெளிய சொல்லிராத!"

முத்துக்கனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. செய்தது அத்தனையும் சரி என்கிறார். சரியாகச் செய்தால் எதற்காக இந்தப் பாடு?

டீச்சர் உள்ளே போய் இரண்டு டம்ளரில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார்.

முதல் வாயிலேயே முத்துக்கனியின் கை நின்றது. வெறும் தித்திப்பு. பதநீர் காய்ந்த புகைவாசம் இல்லை. நாக்கின் ஓரத்தில் தட்டவேண்டிய லேசான உவர்ப்பு இல்லை. பதினெட்டு வருஷம் அடுப்புக்கு முன்னால் நின்றவளை ஏமாற்ற முடியாது.

"இது எங்கன வாங்குனது டீச்சர்?"

"ஆன்லைன்லதான். எப்படி இருக்கு? சுத்த அசல்!" டீச்சர் பெருமையோடு கைபேசியை நீட்டினார். "பார், வாங்கின இடத்தை."

படம் சாய்ந்து கிடந்தது. கருப்பட்டி மங்கலாக, மூலையில் பாதி வெட்டுப்பட்டு நின்றது. பின்னால் ஓர் ஓலைக்குடிசை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

பின்னணியை எப்போதும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்பது டீச்சர் சொல்லிக்கொடுத்த பாடம். முத்துக்கனி இரண்டு விரலால் பெரிதாக்கினாள். குடிசையின் கீழ் மூலையில், பொடி எழுத்தில், ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்த கடையின் பெயரும் போன் நம்பரும் இருந்தன.

"டீச்சர், இது குடிசை இல்ல, பேனரு. நீங்க குடிக்கது சீனிப்பாகு."

டீச்சர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிரவில்லை.

"நான் போடுத படத்துக்கெல்லாம் மொத ஆளா கைதட்டுத பொம்ம அனுப்புதீங்களே டீச்சர்," என்றாள் முத்துக்கனி. அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "ஒரு தடவையாவது என்கிட்ட வாங்கணும்னு ஏன் தோணல?"

டீச்சர் டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

"உன் படம் ரொம்ப நல்லா இருந்துச்சு, முத்துக்கனி. அதான்... சரக்கு மேல கொஞ்சம் சந்தேகம்."