தனபாலன் சாரின் ஓட்டம்

"சாயங்காலம் கடைசி மணி அடிச்சா மீட்டிங்குக்குக்கூட நிக்காம இந்தத் தனபாலன் சார் எங்கதான் ஓடுறாரு, ஐயாவு அண்ணே?"

தோட்டப் பள்ளிக்கு வந்து ஒரு மாதமே ஆன தலைமையாசிரியை புஷ்பலதாவுக்கு அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் தலையே வெடித்துவிடும் போலிருந்தது.

"ஒருநாள் மீட்டிங்க விட்டுட்டு கேட்டுக்கு வந்து பாருங்க லா," என்றார் காவலாளி ஐயாவு.

"பாக்க என்ன இருக்கு? வெளியில டியூஷன் எடுப்பாரு. இருபது வருச சர்வீஸ்ங்கிற திமிரு."

புஷ்பலதா மேலிடத்துக்கு எழுதிப் போட்டு அவரைச் சித்தியவானில் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்.

திங்கட்கிழமை காலை மணி அடித்தது. ஆறு வகுப்புகளும் காலியாகக் கிடந்தன.

"பிள்ளைங்க எங்கண்ணே?"

"தோட்டத்துல இப்ப வீடு ஏது, டீச்சர்? சனங்க எல்லாம் டவுனுக்குப் போயாச்சு. பதினாலு பேரும் ஈப்போ பிளாட்டுலேர்ந்து சார் வேன்லதான வந்தாங்க. திரும்பக் கொண்டுபோய் விடத்தான் ஓடுனாரு," என்றார் ஐயாவு. "அந்த வேனும் சித்தியவானுக்குப் போயிருச்சு."