ஏழாவது செவலை

அடிலெய்டுக்கு வடக்கே எங்கள் ஆட்டுப் பண்ணைகள் பக்கம், சுட்ட காட்டுப்பூனையை யாரும் புதைப்பதில்லை. சாலையோர வேலிக் கம்பியில் வாலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். வண்டியில் போகிறவர்கள் அதைப் பார்த்து ஹாரன் அடித்தால், சுட்டவனுக்குப் பாராட்டு. என் புருஷன் நெவில் அந்த ஹாரனுக்காகவே சுடுகிற ஆள்.

ஆறு பூனைகள் தொங்கிக்கொண்டிருந்தபோது ஒரு செவலைப் பூனை வந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனது.

"துக்கம் விசாரிக்குது, நெவில்."

"மண்ணாங்கட்டி. அதுக்கு வயிறுதான் உண்டு, மனசு ஏது? உன்ன மாதிரியேதான், டூல்சி."

மறுநாள் காலை அதையும் சுட்டு, ஏழாவதாகக் கட்டினான். மூன்று லாரிகள் ஹாரன் அடித்தன.

மாலையில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அதே செவலை வராந்தாவில் ஏறி வந்தது. வாலில் கம்பி சுற்றியிருந்தது. நான் வேலியைப் பார்த்தேன். ஏழும் தொங்கின.

துப்பாக்கி நெவிலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் அசையவில்லை. பூனை அவன் மடியில் ஏறி, கையை நிதானமாக நக்கியது.

"என்ன பண்ணுது இது?"

"உனக்கு ஆறுதல் சொல்லுது."

"எதுக்கு? எனக்கென்ன ஆச்சு?"

பதினெட்டு வருஷமாக நான் தொடாத கை அது. தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

அப்போது சாலையில் ஒரு லாரி போனது. ஓட்டுநர் வேலிப் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் வராந்தாவைப் பார்த்து ஹாரன் அடித்தான்.