ஜன்னலில் கவிழ்த்து வைத்த டம்ளர்

டிவியில் பெரிய தலைவர் ஒருவரை அரசு மரியாதையோடு அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். "ஏழைகளோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்" என்று வர்ணனையாளர் தழுதழுத்தார். சோபாவில் இருந்த வீட்டுக்கார அம்மா விசும்பினாள். பாத்திரம் தேய்க்கும் செங்கமலமும் கதவோரம் நின்றபடி அழுதாள்.

"பாவம், செங்கமலத்துக்கும் காபி கொடும்மா" என்று வீட்டுக்கார அம்மா மருமகளிடம் சொன்னாள்.

அலமாரியில் இருந்த பீங்கான் கோப்பைக்குப் பெருமை தாங்கவில்லை. செங்கமலத்துக்கென்று தனியாக ஜன்னலில் கவிழ்த்து வைத்திருந்த நசுங்கிய டம்ளரிடம், "எங்கம்மாவுக்கு எவ்வளவு இளகின மனசு, பாத்தியா?" என்றது.

"பாத்தேன். அப்ப இன்னிக்கு ஒரு நாள் எனக்குப் பதிலா நீ போயிட்டு வாயேன்" என்றது டம்ளர்.

கோப்பை சட்டென்று மற்றக் கோப்பைகளுக்குப் பின்னால் ஒதுங்கியது.

ஒதுங்கியிருக்கவே வேண்டாம். மருமகளின் கை தானாக ஜன்னல் பக்கம்தான் போனது. தான் ஒதுங்கியதை நினைத்துக் கோப்பைக்கு உடம்பெல்லாம் கூசியது.