முகேஷ் விட்ட தப்புகள்

கிளம்பும் நேரம் பார்த்து இன்றும் வந்துவிட்டான் முகேஷ், கையில் லேப்டாப்போடு.

"மித்ரா, சும்மா ஒருவாட்டி பாரேன். என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

சங்கமித்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வைட்ஃபீல்டில், ஆஸ்பத்திரி மெஷின்களுக்குக் கையேடு தயாரிக்கும் கம்பெனி. எழுதி வருவதைப் படித்துத் தப்புத் திருத்துவது இருவருக்கும் வேலை. ஒரே நாளில் சேர்ந்தவர்கள். வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்பது இந்த மாதக் கடைசியில் தெரிந்துவிடும்.

சேர்ந்த புதிதில் அவள் கவனிக்காத தப்பு ஒன்றை அவன் காட்டப்போக, "உன் வேலையப் பாரு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அன்றோடு வாயை மூடிக்கொண்டவன், இப்போது தன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு தினமும் வருகிறான். வெட்கமாவது ஒன்றாவது!

"படத்துல மூணாவது பட்டன். கீழ நாலாவதுன்னு இருக்கே, தெரியல?"

"அட, ஆமா!"

"எச்சரிக்கை கடைசில வருது. ஷாக் அடிச்சப்புறம் படிக்கிறதுக்கா?"

"சூப்பர் மித்ரா!"

ஒன்றுதான் அவளுக்குப் புரியவில்லை. போன மாதம் எதைக் கோட்டைவிட்டு டீம் லீட் வித்யாலட்சுமியிடம் அவள் திட்டு வாங்கினாளோ, அதையே இன்று இவனும் விட்டிருக்கிறான். தினமும் இதே கதை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அத்தனை திட்டையும் கேட்டும் இப்படியா? இப்படியும் ஒரு மக்கு உண்டா!

அன்று அவனால், ஊருக்குப் போகும் மாரிக்குப்பம் ரயிலைத் தவறவிட்டாள். பஸ் மாறி மாறித் தங்கவயல் போய்ச் சேர்வதற்குள் முடிவே செய்துவிட்டாள். மறுநாள் காலை நேராக வித்யாலட்சுமியிடம் போனாள்.

"மேடம், முகேஷ் வேலையையும் நான்தான் பாக்கிறேன். அவன் தப்பெல்லாம் நான்தான் கண்டுபிடிக்கிறேன்."

"இரு, முதல்ல நல்ல சேதி. உன்னை அனுப்பிடலாம்னுதான் இருந்தேன். இப்ப கொஞ்ச நாளா உன் கண்ணுக்கு எதுவுமே தப்பறதில்ல. உன் பேரையும் கன்ஃபர்ம் பண்ணிட்டேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப தேங்க்ஸ் மேடம். ஆனா முகேஷ்..."

"ஆமா, நானே உன்னைக் கேக்கணும்னு இருந்தேன். தினமும் மத்தியானமே ஒரு தப்பில்லாம முடிச்சு எனக்கு அனுப்பிடறான். அப்புறம் அதையே காப்பி எடுத்து வெச்சுக்கிட்டு, உக்காந்து தப்புத் தப்பா மாத்திட்டிருக்கானே, எதுக்கும்மா? கேட்டா சிரிக்கிறான்."