எளாவூரோடு ஆடிய ஆட்டம்

கடைசி செட்டில் எளாவூர் பதினாலு, உள்ளூர் பதிமூன்று என்று நின்றபோது டைம் அவுட் கேட்டார்கள்.

எழுபத்திரண்டில் ஏரிக்கரைக்குக் கீழே பஞ்சாயத்து போட்டுக்கொடுத்த வாலிபால் மைதானம். அன்றைக்கு ஊரே திரண்டிருந்தது. பெண்கள்கூடக் கரைமேல் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அந்தப் பதிமூன்றில் ஒன்பது தேசப்பன் அடித்தது.

ஃபவுண்டரியில் காலை ஷிப்ட் முடித்து ரயிலைவிட்டு இறங்கினால், காலனிப் பக்கம்கூடப் போகாமல் நேராக மைதானத்துக்கு வருகிறவன் அவன். நாள் முழுக்க நெருப்பில் வெந்ததெல்லாம் முதல் பந்து அடித்ததும் மறந்துபோகும்.

குப்புராஜ் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். தேசப்பனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன் அவன்தான். பஞ்சாயத்துத் தலைவர் முனுசாமியின் மகன்; ஃபவுண்டரியிலும் தேசப்பனோடு ஒரே ஷிப்ட்.

மற்ற நாலு பேரும் செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார்கள்.

தேசப்பனும் கை நீட்டினான்.

குப்புராஜ் செம்பைக் கொடுக்கவில்லை. முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"கையக் குவி. நைனா பாத்துக்கினு கீறாரு."

தேசப்பன் குவித்தான். மேலேயிருந்து ஊற்றிய தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து முழங்கைவரை ஓடியது. ஒரு வாய்கூட அவன் குடிக்கவில்லை.

விசில் ஊதினார்கள்.

எளாவூர் சர்வீஸ். பின்னால் நின்றவன் எடுத்துக்கொடுக்க, குப்புராஜ் பந்தைத் தூக்கினான். அவ்வளவு பதமாக அவன் தூக்கிக் கொடுத்ததே இல்லை. எதிரில் தடுக்க ஆளில்லை. கரைமேல் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

தேசப்பன் எழும்பவில்லை. இறங்கி வந்த பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

ஆட்டம் போயிற்று.

ஜெயித்தது எளாவூர்க்காரர்களுக்கே சட்டென்று உறைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் கத்தினார்கள்.

குப்புராஜ் பாய்ந்து வந்து தேசப்பனின் பனியனைக் கொத்தாகப் பிடித்தான். "இன்னாடா பண்ண? பைத்தியமா உனுக்கு?"

தேசப்பன் குனிந்து பந்தைத் தரையில் வைத்தான். கரைமேல் கடைசியில் இருந்தவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னான்.

"நாளைலேர்ந்து கம்பெனிக்கு உன் சோத்த உன் ஊட்லேர்ந்தே எட்த்துக்கினு வா. ரெண்டு வருசமா எங்கம்மா கட்டிக் குடுத்த டிபன்ல கைய வுட்டுத் துன்னது போதும்."

பனியனைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

முன்வரிசையில் முனுசாமி மகனையே பார்த்தபடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

தேசப்பனை அவர் பார்க்கவே இல்லை.