துணைக்கு வந்தவள்

பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, என் மனைவி அலையின் மேல் நின்றபடி கரைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எனக்குப் பத்தடிக்கு அப்பால் எல்லாம் சோப்புத் தண்ணீர்தான். ஆனாலும் போவது அவள்தான் என்று தெரிந்தது. எங்கள் வகுப்பில் அவ்வளவு அலட்சியமாக நிற்கிற ஆள் வேறு கிடையாது.

இன்று பத்தாவது நாள். அலைச்சறுக்கு வகுப்பு இன்றோடு முடிகிறது. எட்டுப் பேரில் ஏழு பேர் ஒரு தடவையாவது எழுந்து நின்றுவிட்டார்கள். எட்டாவது ஆளுக்கு வயது ஐம்பத்திரண்டு. சொந்தமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்.

இன்றும் நிற்காவிட்டால் இன்னொரு வகுப்பில் போய்ச் சேர என் மானம் இடம் கொடுக்காது.

இத்தனைக்கும் ஆசைப்பட்டவன் நான். இருபத்தாறு வருடம் கடை ஸ்டூலில் உட்கார்ந்தே தேய்ந்தவன், ஒரே ஒரு தடவை தண்ணீர் மேல் நின்று பார்த்துவிட வேண்டும் என்று பெயர் கொடுத்தேன். "தனியா விட்டா முழுகிடுவீங்க" என்று சொல்லி, துணைக்குத்தான் அவள் வந்தாள்.

துணைக்கு வந்தவள் இரண்டாவது நாளே நின்றாள்.

"அக்கா பஸ் கண்டக்டராச்சே. இருபது வருஷம் கம்பியைப் பிடிக்காம நின்னவங்க" என்று மாஸ்டர் எல்லோர் எதிரிலும் பூரித்துப்போனார். அவள் அக்கா. நான் மட்டும் சார். இரண்டே நாளில் உறவு கொண்டாடியாயிற்று.

எனக்கு வயிறு எரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கட்டிய மனைவி மேல்தான் எரிந்தது. அவள் துணி மடிக்கும்போது ஏதாவது பாட்டை முணுமுணுத்தால்கூட என்னைக் குத்துவதற்காகத்தான் என்று தோன்றும். இரண்டு கையும் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொள்வாள். நிற்கிறவளுக்குக் காலல்லவா வலிக்க வேண்டும், எல்லாம் என்னைச் சமாதானப்படுத்துகிற நடிப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

கடையில் ஆள் இல்லாத நேரத்தில் தரையில் குப்புறப் படுத்து, துள்ளி எழுந்து பழகினேன். கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டார்.

பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. புதிதாகப் பழகுகிறவர்களால் அலையைத் தாங்களாகப் பிடிக்க முடியாது. இடுப்பளவுத் தண்ணீரில் மாஸ்டர் பின்னால் நின்று, நல்ல அலையாகப் பார்த்து, பலகையின் வாலைப் பிடித்துத் தள்ளிவிட வேண்டும். அந்தத் தள்ளலில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல அலையெல்லாம் அக்காவுக்கு. மிஞ்சிய நுரை சாருக்கு.

அதற்குச் சாட்சியும் இருந்தது. ஒவ்வொரு முறையும் தள்ளல் விழுந்ததும், பாதி எழுந்த நிலையில் நான் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். மங்கலாக இரண்டு உருவங்கள். மாஸ்டரின் ஆரஞ்சுச் சட்டை, அதை ஒட்டி அவளுடைய நீலச் சட்டை. என் முதுகுக்குப் பின்னால் அப்படி என்ன பேச்சு என்று யோசித்து முடிப்பதற்குள் தண்ணீருக்குள் போயிருப்பேன்.

"கரையைப் பாருங்க சார். எங்க பாக்குறீங்களோ அங்கதான் பலகை போகும்" என்று மாஸ்டர் தினமும் தொண்டை கிழியக் கத்துவார். ஊரில் உள்ளவர்களையெல்லாம் நேரே பார்க்கச் சொல்லிப் பிழைப்பு நடத்துகிறவனுக்கு இந்த உபதேசம்.

கரைக்குப் போனவள் அதற்குள் என்னைத் தாண்டிப் பின்னால் போயிருந்தாள். "கடைசி அலை சார்" என்று இப்போது பின்னாலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது.

இந்த முறை திரும்புவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர்கள் பேசிக்கொள்ளட்டும், சிரித்துக்கொள்ளட்டும், எக்கேடோ கெடட்டும். எனக்குப் பின்னால் தண்ணீர் புடைத்தது. இரண்டு கைகள் பலகையின் வாலை இறுக்கிப் பிடித்து ஒரே மூச்சில் தள்ளின.

கையை ஊன்றினேன். எழுந்தேன்.

நின்றேன்.

கரை என்னை நோக்கி வந்துகொண்டே இருந்தது. பலகை மணலில் தட்டும்வரை நான் விழவில்லை.

கரையேறி, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். மாஸ்டர் தண்ணீரை விட்டு வெளியே வந்தார். பத்து நாள் பொருமல் நாக்கு நுனியில் நின்றது.

"இப்படி மொதல்லயே தள்ளியிருந்தா என்னைக்கோ நின்னிருப்பேன் மாஸ்டர்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் சுருக்கென்று தைத்திருக்கும்.

அவர் வலது கையைத் தூக்கிக் காட்டப் பார்த்தார். அது மார்புக்கு மேல் வரவில்லை.

"மூணாம் நாள் உங்களைத் தள்ளுறப்பவே தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு சார். மத்தவங்களை இடது கையால சமாளிச்சேன். உங்க எடைக்கு முடியல. அன்னைலேர்ந்து அக்காதான் உங்களைத் தள்ளுறாங்க. தெரிஞ்சா நீங்க வர்றதையே நிறுத்திடுவீங்கன்னு சொல்ல வேணாம்னாங்க."

"அப்ப அவளை?"

"அவங்க யாரும் வேணாம்னுட்டாங்க சார். தானாவே பிடிச்சுக்கறாங்க."

கடலைப் பார்த்தேன். ஒவ்வொரு அலையும் துல்லியமாகத் தெரிந்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் அவள் மட்டும் இருந்தாள். பலகையில் ஏறிப் படுத்தாள். பின்னால் திரும்பி ஓர் அலையைத் தானே தேர்ந்துகொண்டு, இரண்டு கைகளாலும் தண்ணீரை வாரித் தள்ள ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

ஓடிப் போய் அந்தப் பலகையை ஒரு கை பிடிக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.